வஜ்தாவின் சைக்கிளும் இக்பாலின் வேனும்

ஹைஃபா அல்-மன்சூர் இயக்கிய 'வஜ்தா' 2012இல் வெளியானது. முழுக்க முழுக்க சவுதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் இது. ரியாத் தெருக்களில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாததால், பல வெளிப்புறக் காட்சிகளை இயக்குநர் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கி வழியாக இயக்கினார். பச்சை நிறச் சைக்கிள் ஒன்றுக்கு ஆசைப்படும் சிறுமியின் கதை. துணிச்சலான சிறுமி, பழமைவாதச் சமூகம், இறுதியில் வெற்றி என்றே இப்படம் பெரும்பாலும் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டில் தவறில்லை. ஆனால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியாகப் படித்தால், படத்தின் பலமும் பலவீனமும் கூடுதலாகத் தெரிகின்றன.

வஜ்தா பள்ளிக்கு நடந்து போகிறாள். அதே தெருவில் அவளுடைய நண்பன் அப்துல்லா சைக்கிளில் கடந்து போகிறான். வழியில் கட்டட வேலை செய்யும் ஆள் ஒருவன் அந்தச் சின்னப் பெண்ணிடம் ஆபாசமாகப் பேசுகிறான். பள்ளி முற்றத்திலோ, தூரத்து ஆண்களின் பார்வை படுமென்று மாணவிகள் உள்ளே போகச் சொல்லப்படுகிறார்கள். தெருவில் பேசுகிறவனை யாரும் கேட்பதில்லை, கேட்கப்படும் பெண்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்ற சொல் பெண்பிள்ளைகள் விஷயத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

படத்தின் ஆகச் சிறந்த காட்சி மொட்டை மாடியில் நடக்கிறது. தெருவில் ஓட்ட முடியாததால் அப்துல்லாவின் உதவியோடு அங்கேதான் வஜ்தா சைக்கிள் பழகுகிறாள். திடீரென்று அம்மா வந்துவிட, பதறிக் கீழே விழுகிறாள். ரத்தம் வருகிறது என்கிறாள். அம்மா கண்களைப் பொத்திக்கொண்டு மகளின் கன்னித்தன்மையை நினைத்து அலறுகிறாள். ரத்தம் வந்தது முழங்காலிலிருந்து. நாம் சிரிக்கிறோம். ஆனால் சைக்கிள் ஓட்டினால் பிள்ளை பெற முடியாது என்று முன்பே சொன்னவளும் இதே அம்மாதான். பெண்ணின் முழங்காலைவிடக் கருப்பையே முதலில் கண்ணில் படுகிற பார்வை சவுதிக்கு மட்டும் உரியதல்ல என்பது நமக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்கும் ஒரு பயணம் இருக்கிறது. சவுதியில் பெண்கள் கார் ஓட்ட 2018இல்தான் அனுமதி கிடைத்தது. வெகு தொலைவில் வேலை பார்க்கும் அவள், இக்பால் என்ற புலம்பெயர்ந்த ஓட்டுநரின் வேனை நம்பியிருக்கிறாள். அவன் எரிந்து விழுகிறான், ஒரு நாள் வர மறுக்கிறான். வஜ்தாவும் அப்துல்லாவும் அவன் இருப்பிடத்துக்கே போய், நாடுகடத்தப்படுவாய் என்று மிரட்டிப் பணிய வைக்கிறார்கள். இது சிறுவர்களின் சாமர்த்தியமாக, நகைச்சுவையாகவே காட்டப்படுகிறது.

இங்கேதான் எனக்குப் படத்தோடு உடன்பாடில்லை. வேலை கொடுத்தவரின் பொறுப்பில் விசாவும் இருப்பும் கட்டப்பட்டிருக்கும் கஃபாலா முறையில், நாடுகடத்தல் என்ற சொல் ஒரு குடும்பத்தின் கடனையும் சோற்றையும் தொடுகிறது. வளைகுடாவுக்கு ஓட்டுநர்களை அனுப்பிவைத்த வீடுகள் நிறைந்த தமிழ்நாட்டில், அந்த வீடுகளில் காத்திருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பார்த்தால் அந்த நகைச்சுவை எடுபடாது. இக்பாலின் முரட்டுத்தனத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண் தன் வேலைக்குப் போகும் வழி, இன்னொரு தொழிலாளியின் பயத்தின்மேல் போடப்படும்போது, அதைப் படம் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

இரண்டாவது குறை தீர்வில் இருக்கிறது. 800 ரியால் சைக்கிளுக்காக வஜ்தா குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து 1,000 ரியால் பரிசு வெல்கிறாள். சைக்கிள் வாங்கப்போவதாக மேடையில் சொன்னதும், தலைமையாசிரியை அந்தப் பணத்தைப் பாலஸ்தீனத்துக்கு நன்கொடையாக்கிவிடுகிறார். கணவன் இரண்டாவது திருமணம் செய்துகொள்ளும் இரவில், அம்மாவே மகளுக்குச் சைக்கிள் வாங்கித் தருகிறாள். மனதைத் தொடும் இடம். ஆனால் ஓர் அம்மா, ஒரு மகள், ஒரு சைக்கிள் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது வேறு. அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்காரவைக்க வசதி என்று ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒருத்தியைக் கேலி செய்வது எளிது, ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் கேலி செய்துகொண்டே இருக்க முடியாது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தூரம்தான் தடை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் இந்தத் திட்டங்களிடம் இல்லாத ஒன்று வஜ்தாவிடம் இருக்கிறது. அவள் படிப்புக்காகச் சைக்கிள் கேட்கவில்லை. அப்துல்லாவைப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் பெண்ணின் சைக்கிளுக்குப் பள்ளி, தண்ணீர்க் குடம், கடை என்று ஏதாவது பயன் இருந்தாக வேண்டும். காரணமில்லாமல் சுற்றினால் கேள்வி வரும். சவுதியில் 2013இல் வந்த அனுமதி இதற்கு நேர்மாறானது: ஆண் உறவினர் துணையோடு, பூங்கா போன்ற இடங்களில், பொழுதுபோக்குக்கு மட்டும் அப்போது ஓட்ட முடிந்தது, போக்குவரத்துக்கு அல்ல. அங்கே அன்று போய்ச் சேரக் கூடாது, இங்கே சும்மா சுற்றக் கூடாது. இரண்டிலும் எதற்காக ஓட்டுவது என்பதை அவள் தீர்மானிப்பதில்லை.

கடைசிக் காட்சியில் அப்துல்லாவை முந்திச் செல்லும் வஜ்தா, வாகனங்கள் விரையும் பெருஞ்சாலையின் ஓரத்தில் நின்று இருபுறமும் பார்க்கிறாள். அதை விடுதலையின் படமாகக் கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. அந்தச் சாலையில் அவளைப் போல இன்னொரு பெண் சைக்கிளில் வரவில்லை. மாணவிகளோடு இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: அந்தச் சாலையில் அவளோடு இன்னும் நூறு பெண்கள் வர என்ன செய்ய வேண்டும்? அவர்கள் வரும்போது இக்பால்கள் எங்கே இருப்பார்கள்?