'அந்தமான் காதலி'யில் அரங்கேறிய ஆச்சி

மனோரமாவைப் 'பிறவிக் கலைஞர்' என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. பாராட்டுத்தான். ஆனால் அந்தச் சொல் அவர் மேடையில் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

1937இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா வளர்ந்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதிருக்கும்போது ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. அதில் நடிக்க வேண்டிய ஒருவர் வராமற்போக, பாடத் தெரிந்த இந்தப் பெண்ணை மேடையேற்றினார்கள். அந்த நாடகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'அந்தமான் காதலி'! (1978இல் நம் தீவுகளில் எடுக்கப்பட்ட சிவாஜி படம் வேறு.) மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

பிறகு வைரம் நாடக சபா, எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடக மன்றம் என்று போயிற்று வாழ்க்கை. 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் அடுக்குமொழி வசனம் பேச வேண்டும். சினிமா மாதிரி இன்னொரு டேக் கிடையாது. பாட்டோ, வசனமோ, சமாளிப்போ, எல்லாம் அந்த நொடியில் வர வேண்டும். அதுதான் அவருடைய கல்லூரி.

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தது. 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆனார். என்றாலும் திரையுலகம் அவரை மறுபடி சிரிக்க வைக்கவே கூப்பிட்டது. அவரிடம் இருந்ததில் பாதியைத்தான் அது கேட்டு வாங்கியது.

மீதிப் பாதியையும் பார்க்க வேண்டுமென்றால் 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்கள். ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடக நடிகை. பேச்சில் சிரிப்பு, அதற்கு அடியில் அன்புக்கு ஏங்கும் மனசு. தான் படித்த பள்ளிக்கூடத்தையே மனோரமா அங்கே நடித்துக் காட்டிவிட்டார். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடி அசத்தினார். காது பழகாமல் நாக்கு பழகாது.

நம்ம பிள்ளைகள் பொங்கல் விழாவில் மனப்பாட வசனத்தை ஒப்பிக்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். வீட்டில் பாட்டி பேசும் ராமநாதபுரத்துப் பேச்சும், கச்சால் தீவில் குடியேறிய இலங்கைக் குடும்பங்களின் பேச்சும் அந்த மேடைக்கு வரக் கூடாதா? அடுத்த முறை யாராவது வராமற்போனால் நாடகத்தை நிறுத்த வேண்டாம். ஓரத்தில் நின்று பார்க்கும் ஒரு குழந்தையிடம், "நீ ஏறும்மா" என்று சொல்லிப் பார்ப்போம். பள்ளத்தூரில் நடந்தது அவ்வளவுதான்.