பெரிய எழுத்தும் சின்னச் சொல்லும்

திண்டுக்கல்லில் நண்பர் ஒருவர் திருச்சபை ஆவணங்களைக் கணிப்பொறியில் போட்டு 'சொல்மேகம்' ஆக்கிக் கொண்டுவந்தார். அடிக்கடி வரும் சொல் பெரிசா, அரிதாக வருவது பொடிசா. "எதை அழுத்திச் சொல்றாங்கன்னு ஒரே பார்வையில தெரியுது பாருங்க தோழர்" என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எண்ணிக்கை வேறு, அழுத்தம் வேறு.

இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்வோம். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளைக் குறித்து எழுதிய கடிதம் ஒன்று. சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாக, உடனடியாக, அறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்கிறார். இதை எதிர்த்துத்தான் வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கலகத்தைக் கிளப்பிய அந்த வாக்கியத்தில் மூன்று வினையடைகளும் ஆளுக்கொரு முறைதான் வருகின்றன. மேகத்தில் இவற்றைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

மற்றது, 1919 மே மாதத் தரங்கம்பாடி அறிக்கை. கையெழுத்திட்டவர்களில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவும் ஒருவர். இங்கே தொடங்கிய பேச்சுதான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அமெரிக்க மதுரை மிஷன் வழிவந்த திண்டுக்கல் சபைகளும் ஆங்கிலிக்கன் சபைகளும் அப்படித்தான் ஒரே குடைக்குள் வந்தன. இப்பிரிவுகள் வெளியிலிருந்து வந்தவை, நாங்கள் உண்டாக்கியவை அல்ல என்பது அறிக்கையின் வாதம். மிஷன் பிரிவுகளைப் பொறுத்தவரை நியாயம்தான். ஆனால் சாதி கப்பலில் வந்து இறங்கவில்லையே!

வில்சன் சொல்லும் வேற்றுமை சாதி. தரங்கம்பாடி சொல்லும் பிரிவு மிஷன். இரண்டையும் 'பிரிவு' என்றே மொழிபெயர்த்தால் மேகத்தில் ரெண்டும் ஒரே சொல். 'நாங்கள்', 'அல்ல' போன்ற சின்னச் சொற்களையோ கருவி பொதுவாக எண்ணுவதற்கு முன்பே கழித்துவிடுகிறது. அரசியல் அந்தக் கழிவில்தான் கிடக்கிறது. பிரிவை உண்டாக்காத அந்த 'நாங்கள்' யார்? சேரிக்காரரும் அதில் உண்டா?

இந்தச் சமவெளியில் நான் பார்த்த கல்லறைத் தோட்டம் ஒன்றில் நடுவே சுவர். ரெண்டு பக்கமும் அதே சிலுவை, அதே வசனங்கள். அங்குள்ள எழுத்துகளை எண்ணி மேகமாக்கினால் அருமையான ஒற்றுமை தெரியும். சுவர் தெரியாது.

எண்ண வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணியபின் பிரதிக்குத் திரும்புங்கள். யார், எதை, எப்போதைக்குள் விடவேண்டும் என்று அது சொல்கிறதா, பாருங்கள்.