ஒரு முகம், இரண்டு ஆள்

1963இல் வெளியான ‘தி ஹான்டட் பேலஸ்’ படம் எட்கர் ஆலன் போவின் பெயரைச் சொல்லித்தான் விற்கப்பட்டது. கதையோ எச்.பி. லவ்கிராஃப்ட் 1927இல் எழுதிய சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு குறுநாவல். போ கதைகளைப் படமாக்கி இதன் இயக்குநர் ரோஜர் கோர்மன் நல்ல வசூல் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ராசியான பெயரை விட மனமில்லாத தயாரிப்பு நிறுவனம், போவின் கவிதைத் தலைப்பு ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டது.

மந்திரவாதி கர்வனை ஆர்க்கம் ஊர்க்காரர்கள் மரத்தில் கட்டி எரிக்கிறார்கள். 110 ஆண்டு கழித்து, அவன் வாரிசான வார்டு மனைவியோடு கர்வனின் மாளிகைக்கு வருகிறான். சுவரில் கர்வனின் ஓவியம்; அதன் வழியே அவன் வார்டை ஆட்கொள்கிறான். இரண்டு வேடமும் வின்சென்ட் பிரைஸ்தான்.

வார்டு ஓவியத்தின் முன் நிற்கும் காட்சிகளைக் கவனியுங்கள். கனிவாகப் பேசிக்கொண்டிருந்தவரின் பார்வை மெல்லக் கெட்டிப்படுகிறது. உதட்டில் ஓர் ஏளனம் ஏறுகிறது. குரலில் நஞ்சு கலக்கிறது. தோல் வெளிறுவது ஒப்பனையின் வேலை. மிச்சமெல்லாம் பிரைஸின் வேலை.

டேனியல் ஹாலர் அமைத்த சின்ன அரங்குகளைப் பனிமூட்டம் ஓர் ஊராகவே காட்டிவிடுகிறது. அந்த ஊர்த் தெருவில் கண்ணே இல்லாத முகத்தோடு நடந்து வரும் சிறுமி, இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறாள்.

மாளிகைக்கு அடியில் குழிக்குள் இருக்கும் ஜந்துதான் படத்தின் சறுக்கல். அசையாத பொம்மையை நெளியும் ஒளியால் மூடிச் சமாளித்திருக்கிறார்கள். லவ்கிராஃப்டின் பயங்கரம் கண்ணுக்குச் சிக்காதது. காட்டியதுமே பாதி செத்துவிடுகிறது. ஜந்துவை மன்னித்துவிட்டு, பிரைஸின் முகத்துக்காகவே இந்தப் படத்தைத் தாராளமாக இன்னொரு முறை பார்க்கலாம்.