இரும்புக்கையைப் பார்த்து வரைந்தவர்கள்

மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பஸ் மாறினால் சிவகாசி. தமிழில் காமிக்ஸ் என்றாலே ஐம்பது ஆண்டுகளாக அந்த ஊர்தான். 1972 ஜனவரியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே விஞ்ஞானக் கற்பனை கலந்தது, ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். முதல் இதழ் மாடஸ்டிக்கு. பின்னாலேயே ஸ்பைடரும், ‘சட்டித்தலையன்’ என்று வாசகர்கள் செல்லமாகக் கூப்பிடும் எந்திர மனிதன் ஆர்ச்சியும் வந்து சேர்ந்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பென்சில் பிடிக்க வந்த பையன்கள் பலருக்கும் இந்த நாயகர்கள்தான் வாத்தியார்கள். அந்தப் பையன்களில் சிலர் இன்று நூல் மில்லிலும் பேண்டேஜ் துணித் தறியிலும் அச்சகத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் தங்கள் சொந்தக் காமிக்ஸை வரைகிறார்கள். காசுக்காக இல்லை, பிடித்திருக்கிறது. பிடித்துச் செய்வதை விமர்சிக்கலாமா என்றால், அச்சில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிற எதையும் விமர்சிக்கலாம்.

மாயாவியிடம் தொழில் கற்பதில் ஒரு லாபம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியான லூயிஸ் க்ராண்டல் மறைந்துவிடுவார். இரும்பாலான வலது கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். உடம்பு வரைய வராதவனுக்கு இதைவிடத் தோதான நாயகன் கிடையாது. ஒரு கை, திறந்திருக்கும் இரும்புப் பெட்டி, வாய் பிளந்து நிற்கும் காவலாளி, கட்டம் முடிந்தது. ஆனால் அந்தக் கையை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் மாயாவியை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் ப்ளாஸ்கோவின் அருமை தெரியும். விரல் மூட்டில் ஒரு பொட்டு வெளிச்சம், சுற்றிலும் கெட்டிக் கறுப்பு. கண் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் கறுப்பே தீர்மானித்துவிடுகிறது. ஓவியப் பள்ளிக்குப் போக வசதியில்லாத ஒருவர் ரோட்ரிங் பேனாவை வைத்துக்கொண்டு மசியை எங்கே நிரப்புவது, எங்கே விடுவது என்று கற்றுக்கொண்டது இந்தச் சாணித்தாள் புத்தகங்களில்தான்.

கதையை எங்கே நிறுத்துவது என்பதும் அங்கே கிடைத்த பாடம். மாயாவி 1962-ல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில், வாரத்துக்குச் சில பக்கங்களாக ஆரம்பித்த தொடர். வாரக் கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து வந்தே தீர வேண்டும். தமிழில் ஒரே புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை மூச்சு முட்டுவது அதனால்தான். நம் பொழுதுபோக்கு ஓவியர்களின் பக்கங்களிலும் இந்தச் சூட்சுமம் ஊறியிருக்கிறது. பக்கத்தின் கடைசிக் கட்டத்தை யாரும் வீணடிப்பதில்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. மாயாவியின் முதல் கதையை எழுதிய கென் பல்மர் விஞ்ஞானப் புனைகதை நாவலாசிரியர். அந்தக் கதையில் க்ராண்டல் நல்லவர் கிடையாது. சோதனைக்கூட விபத்துக்குப் பிறகு புத்தி தடுமாறி, மறையும் சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறார். யார் கண்ணிலும் படாத மனிதன் என்னவாக மாறுவான் என்ற கேள்வி அங்கே இருந்தது. பிற்பாடு அவர் நிழற்படையில் உளவாளி ஆனதும் கேள்வி போய்விட்டது, சாகசம் மட்டும் மிஞ்சியது. நம்மவர்கள் எடுத்துக்கொண்டது அந்த உளவாளியைத்தான். ஆகவே இங்கே வரையப்படும் விஞ்ஞானக் கதைகளில் விஞ்ஞானம் பெரும்பாலும் மந்திரக்கோல் வேலை பார்க்கிறது. பொத்தானை அழுத்தினால் நடக்கும்; ஏன் நடக்கிறது, நடந்தால் தெருவில் யார் பாடு என்ன ஆகும் என்று கதை யோசிப்பதில்லை. ஊரும் அந்நியம். வில்லனுக்கு லண்டன் கோட்டு, ஓடுவதற்கு நியூயார்க் மொட்டைமாடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவர் வரைந்த நகரத்தில் ஒரு டீக்கடை கூட இருக்காது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற எந்திர நாய் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அது சாகசம் செய்ததைவிடப் பேசியதும் யோசித்ததும்தான் நினைவில் நிற்கிறது. நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில், ரோஜா நிற மூக்கோடு ஓர் எந்திர நாயை யாராவது வரைந்து நான் பார்த்ததில்லை. சினிமா ஓரளவுக்கு இதைக் கண்டுகொண்டது. ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’யில் (2015) கால எந்திரம் கைக்குக் கிடைத்ததும் நம் ஆட்கள் செய்வது, தொலைந்துபோன பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்துவந்து அதை ஜோசியமாக விற்பது. கடந்த காலத்தை மாற்றியதால் வரும் சிக்கலைச் சரிசெய்யும் வேலை பிறகு வருகிறது. அந்தக் குறும்பு ஒன்றுக்கே அந்தப் படம், பிரம்மாண்டத்தை நம்பிய பல படங்களைவிட எனக்கு உசத்தி. அதே இயக்குநரின் ‘அயலான்’ (2024) வேற்றுக்கிரகவாசியையே கொண்டுவந்தும் இந்த அளவுக்கு நம்ம ஊர்ச் சரக்காக இல்லை.

ஓவியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தமிழ்ப் பத்திரிகை மரபு ஓவியரைத் தொடர்கதைக்கு வாரம் ஒரு படம் போடப் பழக்கியது. கோபுலுவும் மணியம் செல்வனும் ஒரே படத்தில் கதையின் சாரத்தைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் ஒரே முகத்தை ஆறு கோணத்தில், ஆறு கட்டத்தில் மாறாமல் கொண்டுபோவது வேறு தொழில். அதற்கு இங்கே சம்பளம் கொடுத்தவர்கள் குறைவு. கோகுலம், பூந்தளிர் காலத்தில் வாண்டுமாமா போன்றவர்கள் சித்திரக்கதைக்கு இடம் கொடுத்தார்கள். சிவகாசியில் கணக்கு வேறு. ஐரோப்பிய ஆல்பம் ஒன்றின் நாற்பத்துச் சொச்சம் பக்கத்தை வரைய ஓர் ஓவியருக்கு ஒரு வருடம் பிடிக்கலாம். ஏற்கெனவே வரைந்து முடிந்த ஒன்றின் உரிமையை வாங்கி மொழிபெயர்ப்பது பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகும். உள்ளூர்க் கை பெரும்பாலும் அட்டைப்படத்தோடு நின்றுவிடும். அந்த அட்டைகள் எத்தனை அழகாக இருந்தன என்பதை யோசித்தால், உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றாமல் இருக்காது.

இந்தப் புத்தகங்களிலிருந்து ஓவியர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பழக்கம் இருக்கிறது. அதுதான் அவர்களை அதிகம் கெடுத்தது என்பது என் எண்ணம். லயன், முத்து இதழ் கைக்கு வந்ததும் பல வாசகர்கள் கதைக்கு முன்பே படிப்பது விஜயன் எழுதும் ‘ஹாட்லைன்’ பக்கம். இதழ் ஏன் தாமதம், அடுத்து என்ன வருகிறது என்று வீட்டு மனுஷரைப்போலப் பேசுவார். ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்று தன் பத்திரிகை வாழ்க்கையையே தொடராக எழுதினார். சந்தை சுருங்கிய காலத்திலும் வாசகர்கள் ஒட்டிக்கொண்டிருந்ததற்கும், 2012-ல் வண்ணத்தில் மறுவரவு சாத்தியமானதற்கும் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மறுபக்கம், பழைய நினைவுகளின் சூட்டில் புதிய ஓவியரைக் கேட்கிற குரலைவிட மாயாவி மறுபதிப்பைக் கேட்கிற குரல் எப்போதும் பலமாக ஒலிப்பது.

பொழுதுபோக்கு ஓவியர் இந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்கிறார். அவரும் எழுதுவார்: மில்லில் நைட் ஷிஃப்ட், பாப்பாவுக்குக் காய்ச்சல், புது டேப்லெட் வாங்கியாயிற்று, மூன்றாம் அத்தியாயம் விரைவில், நடுவில் பார்த்த வெளிநாட்டு விண்வெளித் தொடர் பற்றி நாலு பக்க அபிப்பிராயம். படிக்க நன்றாகவே இருக்கும். சிலருக்குக் கதையைவிட இதில் நடை சரளம். விஜயனின் பேச்சுக்குப் பின்னால் ஒரு புத்தகம் வரும். இவர்களிடம் பல சமயம் பேச்சே புத்தகத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எட்டுத் தலைமுறை விண்வெளிப் போர் என்று அறிவித்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறவரை எனக்குத் தெரியும். அந்த ஷிஃப்ட்டையும் காய்ச்சலையும் கதைக்குள்ளேயே போட்டிருந்தால் அவருக்குப் பன்னிரண்டு பக்கமே போதுமாக இருந்திருக்கும்.

பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய ‘2000 ஏடி’ வாரப் பத்திரிகை, ‘ஃப்யூச்சர் ஷாக்ஸ்’ என்று சில பக்கங்களில் முடியும் விஞ்ஞானச் சிறுகதைகளை வெளியிட்டது. புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் அது. ஆலன் மூர் கை பழகியதும் அங்கேதான். சிவகாசியில் ஃபாரம் கணக்கில் அச்சாகும் புத்தகத்தில் கடைசியில் நாலு பக்கம் மிஞ்சுவது புதிதில்லை. விளம்பரமோ வாசகர் கடிதமோ அதை நிரப்பும். அந்த நாலு பக்கத்தை மாதம் ஒரு உள்ளூர் ஓவியருக்குக் கொடுத்தால் பதிப்பாளருக்குப் பெரிய நஷ்டம் வராது. ஓவியரும் விண்வெளிப் போரை ஓரம் வைத்துவிட்டு, ஸ்பிண்டில் ஓடும் மில்லில் ஆள் வேலையை எந்திரம் வாங்கிக்கொண்ட ஒரு ராத்திரியை நாலு பக்கத்தில் முடித்துக் காட்ட வேண்டும். நாலே பக்கம் என்பதால் ‘தொடரும்’ போட வழியில்லை.