இசைக் கல்லூரியில் யார் ஆசிரியர்?

1919-ஆம் ஆண்டு வட ஆந்திரத்தின் விஜயநகரத்தில் மகாராஜாவின் ஆதரவில் ஓர் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஹரிகதை மேதை ஆதிபட்ல நாராயணதாஸ் அதன் முதல்வர். கண்பார்வை மங்கிய இளைஞர் ஒருவர் வயலின் மாணவராகச் சேர வந்தார். வயது இருபத்தாறு. அவர் வாசித்ததைக் கேட்ட நாராயணதாஸ் அவரை மாணவராகச் சேர்க்கவில்லை. வயலின் பேராசிரியராகவே அமர்த்திவிட்டார். அந்த இளைஞர்தான் துவாரம் வேங்கடசாமி நாயுடு. 1936-இல் அவரே முதல்வரானார். பின்னாளில் கண்டசாலா படித்ததும் அந்தக் கல்லூரியில்தான்.

ஓர் இசைக் கல்லூரி எதை நம்பி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வாசிப்பைக் கேட்டார்கள், வேலையைக் கொடுத்தார்கள். தென்னாட்டின் பெரிய இசைக் கல்லூரிகள் பலவும் இப்படித்தான் எழுந்தன.

ஐரோப்பாவிலும் இதே அளவுகோல்தான். பாரிஸில் 1795-இல் தொடங்கிய கன்சர்வேட்டரி, புரட்சி அரசு நடத்திய தொழிற்பள்ளி; பல்கலைக்கழகத்தின் அங்கமாக அது பிறக்கவில்லை. வாசித்துக் காட்டித்தான் உள்ளே நுழைய முடியும். வாசித்துக் காட்டித்தான் பரிசோடு வெளியேற முடியும். நம் நாட்டில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவினார். 1926-இல் பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோவில் மாரிஸ் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். மியூசிக் அகாடமி 1931-இல் இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1939-இல் சுவாதித் திருநாள் பெயரிலான கல்லூரியும், சென்னையில் 1949-இல் அரசின் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியும் வந்தன. ஐம்பதே ஆண்டுகளில், வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்துவந்த பயிற்சிக்குக் கால அட்டவணையும் வருகைப் பதிவேடும் வந்துவிட்டன.

இவற்றில் யார் யார் கற்பித்தார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். சிதம்பரத்தில் சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை. பிறகு, தேவாரப் பண்ணிசையில் ஊறிய குடும்பத்திலிருந்து வந்து, 'நந்தனார்' படத்தில் நடித்துப் பெயர்பெற்ற எம்.எம். தண்டபாணி தேசிகர். திருவனந்தபுரத்தில் முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்து 1963 வரை செம்மங்குடி சீனிவாச ஐயர். அவருக்குப் பின் ஜி.என். பாலசுப்பிரமணியம். சென்னையில் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா ஆசிரியை. ஜி.என்.பி. ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் படித்தவர். ஆனால் இந்த வரிசையில் எவரும் இசைப் பட்டத்தைக் காட்டி வேலைக்கு வந்தவரல்லர்.

குருகுலத்தில் ஒரு மாணவருக்கு ஒரே பாடாந்தரம்தான். கல்லூரியிலோ ஒரே தாழ்வாரத்தில் முசிறியின் நிரவலும் தனம்மாள் வீட்டுப் பதங்களும் காதில் விழுந்தன. கல்லூரி என்ற அமைப்பு நம் இசைக்குச் செய்த முதல் நன்மை இதுதான் என்பேன். இரண்டாவது நன்மை இன்னும் பெரிது. குருவின் வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்ததில்லை. சாதி பார்த்தார்கள்; பெண்ணா ஆணா என்றும் பார்த்தார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் போதும் என்ற கல்லூரி விதி அந்தக் கதவைக் கொஞ்சமேனும் திறந்தது. நாகஸ்வரமும் தவிலும் பரம்பரைக் குடும்பங்களுக்கு மட்டுமே என்றிருந்த நிலையை மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இன்றுவரை மாற்றி வருகின்றன. பழைய குருகுலத்தை நினைத்து ஏங்குவோர் இதை மறந்துவிடக் கூடாது.

சிதம்பரம் இன்னொன்றும் செய்தது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் துக்கடாவாக ஒதுங்கியிருந்த காலத்தில், 1941-இல் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் தமிழிசை மாநாடு கூடியது. தொடர்ந்து தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாகப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. இதைத் தனி ஒரு வித்வான் செய்திருக்க முடியாது. பணம், அச்சகம், நூலகம், தமிழ்த் துறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்ததால் நடந்தது. இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகள்தான் பின்னர் 'யாழ் நூல்' எழுதி 1947-இல் வெளியிட்டார். இங்கே இசை படித்த எஸ். ராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். கடைசிவரை மேடையிலும் பாடினார், வகுப்பிலும் பாடினார். உயர்கல்வியும் இசையும் சேர்ந்தால் என்ன விளையும் என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

ஈழத்திலும் இதே கதைதான். மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் முதல்வராக இருந்தார். அது பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

ஆக, பல்கலைக்கழகம் இசைக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. சிக்கல் பிறகுதான் வந்தது: நூல் படிக்கும் துறைகளுக்கென்று வகுத்த விதிகளை இசைத் துறைக்கும் அப்படியே பொருத்தினார்கள்.

ஒரு வாய்ப்பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை சுருதி ஒத்துவரும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சுருதிப்பெட்டி யாருக்காக ஒலிப்பது? பெரும்பாலும் பெண்களின் சுருதியை வைக்கிறார்கள். பையன்கள் மேல்ஸ்தாயியில் திணறுகிறார்கள், அல்லது கீழே இறங்கி முனகுகிறார்கள். தாரஸ்தாயி காந்தாரத்தை நின்று பாடத் தெரிந்த குரல் அந்த வகுப்பில் பழுதாகிறது. கமகத்தில் ஒரு மாணவி எங்கே நழுவுகிறாள் என்பதும் கூட்டுக்குரலில் ஆசிரியர் காதுக்குத் தெரியாது. நாகஸ்வரத்துக்கு வேறு வகைச் சங்கடம்: பாரி நாகஸ்வரத்தை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு யாரும் வீணை கற்பிக்க முடியாது. தனி ஆசிரியர், தனி நேரம், தனி அறை: ஐரோப்பியக் கன்சர்வேட்டரிகள் இந்த மூன்றையும் விட்டுக்கொடுப்பதில்லை. 1999-க்குப் பின் ஐரோப்பிய உயர்கல்விக்கான போலோன்யா ஒப்பந்தத்தின் வழியில் அவையும் இளங்கலை, முதுகலைப் பட்டங்களுக்கு மாறின. ஆனால் முதன்மைக் கருவிக்கான தனி வகுப்பைக் கைவிடவில்லை.

நம் கிரெடிட் முறையின் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். வேதியியல் கூடத்துக்கு இது சரியாக இருக்கலாம். இசையில் செய்முறைதானே பாடம்! பல்லவி பாடுகிற நேரம், பல்லவியைப் பற்றிக் குறிப்பெடுக்கிற நேரத்தில் பாதி மதிப்புப் பெறுவதை எந்த வித்வானாலும் ஏற்க முடியாது.

ஆசிரியர் நியமனத்தில் இது இன்னும் கடுமையாகத் தெரிகிறது. உதவிப் பேராசிரியராக வழக்கமான வழி 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்வு: மூன்று மணி நேரம், 150 வினாக்கள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இசைப் பாடத்துக்கும் அதே தேர்வுதான். ஒரு சுரம் பாடிக் காட்ட அதில் இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில், புகழ்பெற்ற குருவிடம் பயின்று வானொலியில் 'ஏ' கிரேடு பெற்ற கலைஞர்களுக்கென்று தனி வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 2022-இல் வந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டம் பட்டமே கேட்பதில்லை. ஆனால் மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காடுதான் அதற்கு. பதவிக்காலம் எப்படி நீட்டினாலும் நான்கு ஆண்டுகளைத் தாண்டாது. ஒரு மாணவர் சரளி வரிசையில் தொடங்கி ராகம் தானம் பல்லவி வரை வர அந்தக் காலம் போதுமா? செம்மங்குடி திருவனந்தபுரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்ததால்தான் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் ஒழுங்குபெற்று மேடைக்கு வந்தன.

தனியார் முயற்சிகளில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி குறிப்பிடத்தக்கது. பியானோவும் மேலைநாட்டு இசைக்குழுப் பயிற்சியும் இந்துஸ்தானியும் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமும் அங்கே ஒரே கூரையின்கீழ். இன்றைய இசைத் தொழில் என்ன கேட்கிறதோ அதை அறிந்து நடத்தப்படும் பள்ளி அது. அரசுக் கல்லூரிகள் அங்கிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் நாகஸ்வரத்தையும் தேவாரத்தையும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கும் பொறுப்பு அரசுடையதாகவே இருக்கும்.

2013-இல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே கண்டது தமிழ்நாடு. முதலமைச்சரே அதன் வேந்தர். எனவே தில்லிக்காகக் காத்திராமல் இங்கேயே செய்யக்கூடியவை சில உண்டு. முதன்மைப் பாடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் ஒரு மணி நேரமாவது தனி வகுப்பு வேண்டும். அது ஆசிரியரின் பணி நேரத்தில் முழுதாகக் கணக்கில் வர வேண்டும். நேர்காணலில் வாசித்துக் காட்டுவதற்கே பெரும்பகுதி மதிப்பெண் தர வேண்டும். பட்டம் இல்லாத நாகஸ்வர, தவில் வித்வான்களுக்கு ஓய்வு வயது வரை நீடிக்கும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். இன்று அறுபதைத் தாண்டிய வித்வான்களிடம் இருக்கும் பாடாந்தரங்கள் காத்திருக்கமாட்டா; அரசு இந்தக் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.