எச்சத்தில் கண்ட வைரசு: ஒரு சொல்லாராய்ச்சி

சொல்லில் நேரும் பிழை கருத்தில் பிழையாகும். கருத்தில் நேரும் பிழை செயலில் பிழையாய் முடியும். காட்டுப் பறவைகளின் குடலில் வாழும் வைரசுகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் அறிவியற் கட்டுரைகளை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும். “பறவையின் எச்சத்தில் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது” என்று ஒரே தொடரில் அவை செய்தியை முடித்துவிடுகின்றன. இத்தொடருள் மூன்று வேறு செயல்கள் மறைந்து கிடக்கின்றன. இருப்பதைக் கண்டறிதல் ஒன்று. தொற்றும் ஆற்றலோடு பிரித்தெடுத்தல் மற்றொன்று. இன்ன வகையென இனங்காணல் பிறிதொன்று. ஒன்று நிகழ்ந்ததால் மற்றவையும் நிகழ்ந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது.

இவற்றுள் பிரித்தெடுத்தலே காலத்தால் முந்தியது. 1961இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் பெருந்தொகையாக மடிந்தன. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே காட்டுப் பறவையில் முதன்முதல் அறியப்பட்ட இன்புளுவென்சா வைரசாகும். 1970களின் தொடக்கத்தில் வெப்சுடர், லேவர் என்னும் அறிஞர்கள் ஆசுதிரேலியப் பவளத்திட்டுத் தீவுகளின் கடற்பறவைகளிலும் இவ்வகை வைரசு உண்டெனக் காட்டினர். வாத்துகளில் இது குடலின் உயிரணுக்களில் பெருகி எச்சத்தின் வழியே நீரிற் கலக்கிறது என்பதை 1978இல் வெப்சுடரும் அவர் துணைவரும் நிறுவினர். மாந்தர்க்கு மூச்சுக்குழல் நோயாக வருவது வாத்துக்குக் குடல்வாழ் உயிரியாய் இருக்கிறது! அதன்பின் எச்சமும் கழிவாயுமே இத்தேடலுக்குரிய முதன்மையான இடங்களாயின.

கழிவாயிற் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்ததைக் குளிரில் காத்து, ஒன்பது முதல் பதினொரு நாள் அடைகாத்த கோழிமுட்டையுட் செலுத்துவர். வைரசு பெருகியிருப்பின் முட்டையின் நீர்மம் கோழியின் சிவப்பணுக்களைத் திரளச் செய்யும். மரபணு முறை வேறானது. இன்புளுவென்சா வைரசின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாகிய ஆர்.என்.ஏ. அதனை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதியம் 1970இல் அறியப்பட்டது. சிறு துண்டைப் பன்மடங்காக்கும் பி.சி.ஆர். முறை 1983இல் தோன்றியது. வகைதோறும் அதிகம் மாறாத ஒரு மரபணுவைக் கொண்டு முதலில் சலித்தெடுத்து, பின்னர் மேற்புரதங்களின் மரபணு எழுத்து வரிசையைப் படித்து வகை கூறுவர். சுவீடனின் கருந்தலைக் கடற்காகங்களிலிருந்து பதினாறாவது எச் வகை 2005இல் அறிவிக்கப்பட்டதும் இவ்வாறு வரிசையை ஒப்புநோக்கியே.

இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் அதன் எல்லையைக் கூறாது விடுவது கட்டுரையாளரின் குறையே. மரபணுத் துண்டு கிடைத்தமையால் தொற்றும் வைரசு இருந்ததெனத் துணிய முடியாது. சிதைந்த வைரசின் துண்டும் அவ்வாறே விடை தரும். விடை வாராமையால் வைரசு இல்லையெனவும் துணிய முடியாது. எச்சத்திலுள்ள பொருள்கள் சில பி.சி.ஆர். வினையைத் தடுப்பன. தரையிற் கிடந்த எச்சம் எப்பறவையினது என்பதும் ஐயத்திற்குரியதே. அதனைப் பறவையின் சொந்த மரபணு கொண்டு தெளிதல் வேண்டும். எச்சத்திலுள்ள மரபுப்பொருள் அனைத்தையும் ஒருங்கே படிக்கும் புதுமுறையிலோ, பறவை தின்ற மீன், பூச்சி, செடி ஆகியவற்றின் வைரசுகளும் உடன் தோன்றும். குடலிற் கண்டதெல்லாம் பறவையைப் பற்றியது என்பது, பள்ளிக்கு வந்தவரெல்லாம் மாணவர் என்பது போன்றது.

‘நச்சுயிரி’ என்னும் வழக்கும் ஆராய்தற்குரியது. மூலச் சொல்லும் இலத்தீனில் நஞ்சையே குறிக்கும் என்பர், அது மெய்யே. ஆனால் அப்பொருள் அங்கே மங்கிவிட்டது. தமிழிலோ ‘நஞ்சு’ கேட்டவுடன் அச்சந்தருவது. வாத்தின் குடலில் வாழும் இன்புளுவென்சா வைரசுகளுட் பெரும்பாலன வாத்துக்கு நோய்க்குறி எதனையும் உண்டாக்குவதில்லை. ஆராயுமுன்னரே தீர்ப்புக் கூறும் சொல்லினும் ‘வைரசு’ என்பதே நடுநிலையானது.

இது வெறுஞ் சொற்போர் அன்று. எச்5என்1 வைரசின் இன்றைய கால்வழி 1996இல் சீனத்தின் குவாங்துங் மாநிலத்தில் வளர்ப்புப் பெருவாத்தொன்றில் அறியப்பட்டது. 1997இல் ஆங்காங்கில் பதினெண்மரைப் பற்றி அறுவரைக் கொன்றது. 2005இல் சிங்காய் ஏரியில் காட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மென்மையாய்க் குடலில் வாழும் எச்5, எச்7 வகைகள் கோழிப்பண்ணைகளிற் புகுந்தபின் கொடியவையாய் மாறுதல் கூடும். அம்மாற்றத்தை மேற்புரதம் பிளவுறும் இடத்தின் மரபணு வரிசை காட்டிக்கொடுக்கும். கொடிய வைரசு மீண்டும் காட்டுப் பறவைகளிடம் செல்லுமாயின், அவை அதனைத் தொலைவிற்குக் கொண்டு செல்லும். ஆகவே பறவையைக் குற்றமற்றதென விடுவிப்பதும் மிகையே. பழி முழுவதையும் அதன்மேற் சுமத்துவதும் மிகையே. காட்டுப் பறவைகளைக் கொல்வது தீர்வன்று என 2004இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தமை, அரைகுறைச் செய்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றாகும்.

எனவே அறிவியற் கட்டுரை வரைவோர் எதிற் கண்டனர், எம்முறையாற் கண்டனர், தொற்றும் நிலையிற் கண்டனரா, எவ்வகையெனத் தெளிந்தனர் என நான்கையும் கூறுதல் கடமையாகும். வகுப்பிற் செய்தித்தாள் படிக்கும் மாணவரும் இந்நான்கையும் வினவப் பழகின், அறிவியற்றமிழ் தானே திருந்தும்.