சண்டைப் படத்தையும் தினசரியையும் இடதுசாரிக் கண்ணோடு ரசிப்பது எப்படி?

‘படகோட்டி’யைப் பாப்பாமோட்டையில் இருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கிற ருசி கோயம்புத்தூரில் இருந்து பார்ப்பவருக்குக் கிடைக்காது. மன்னார்–பூநகரி வீதியில், திருக்கேதீச்சரம் கடந்து விடத்தல்தீவுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் இது. சம்மாட்டி யார், வலைக்கடன் யார் தலையில், கரைக்கு வந்த மீனுக்கு விலை வைப்பவர் யார் என்று இந்தக் கரையோரத்தில் எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1964இல் வந்த அந்தப் படத்தில் மீனவர்கள் இரண்டு குப்பங்களாகப் பிரிந்து மோதிக்கொள்கிறார்கள். மோத விட்டு லாபம் எடுக்கிறவர் நம்பியார். வர்க்கப் பார்வை என்று பெரிய பெயரில் சொல்வதெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கட்சிப் புத்தகத்தைப் பிறகு படிக்கலாம்.

முதலில் சண்டையை மனம் விட்டு ரசியுங்கள். எம்.ஜி.ஆர். அடிக்கும்போது கை தட்டுங்கள், விசிலும் அடியுங்கள். ‘மசாலா’ என்று மூக்கைச் சுளித்த இடதுசாரி விமர்சகர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இழந்தது அதிகம். முதலாளிக்கு முன்னால் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கை ஓங்க முடியாதவன் திரையில் அந்தக் கை ஓங்குவதைப் பார்க்கிறான். அந்தக் கோபம் உண்மையானது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1992இல் வந்த நூல் இன்றும் நிற்பதற்குக் காரணம், அவர் ரசிகனை முட்டாளாக எண்ணாமல் இந்தக் கோபத்தை மதித்து ஆராய்ந்ததுதான்.

கை தட்டிய பிறகு கண்ணைக் கதாநாயகனிடமிருந்து எடுத்துப் பின்னால் நிற்கும் கூட்டத்தின்மேல் வையுங்கள். அடி நடக்கும்போது அந்தச் சனங்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலான படங்களில் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அல்லது கடைசியில் மாலையோடு வருவார்கள். 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் சவுக்குக் காட்சியை இப்படிப் பார்த்தால் அது வேறு படமாகிவிடும். பயந்தாங்கொள்ளி வாரிசை நம்பியார் சவுக்கால் அடித்து ஆண்டுகொண்டிருக்கிறார். உருவம் ஒத்த மற்றவன் வந்து அதே சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடிக்கிறான். நமக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் சவுக்கு மட்டும்தான் கை மாறியது. சொத்து அதே வீட்டில், வேலைக்காரர்கள் அதே இடத்தில். கெட்ட முதலாளிக்குப் பதில் நல்ல முதலாளி. தீவிர இடதுசாரிகள் எம்.ஜி.ஆர். படங்களோடு போட்ட சண்டையின் சாரம் இதுதான். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1980இல் வட ஆர்க்காடு, தருமபுரியில் நக்சல்பாரி இளைஞர்களைப் பொலிஸ் வேட்டையாடிக் கொன்றதை அவர்கள் மறக்கவில்லை. நம் ஈழப் போராட்டத்துக்குக் கைகொடுத்தவர் என்று எங்கள் பக்கத்தில் அவரைக் கும்பிடுகிற வீடுகள் உண்டு. இரண்டும் நடந்தவை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் படம் பார்க்க வேண்டும்.

அடுத்து ‘கத்தி’ (2014). கிராமத்து நீரைக் குளிர்பானக் கம்பனி உறிஞ்சுகிறது. விவசாயிகள் கத்தியும் ஊடகம் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டணத்துக்குக் குடிநீர் நின்ற பிறகுதான் கமராக்கள் ஓடி வருகின்றன. ஒரு கதாநாயகனின் பெயர் ஜீவானந்தம். ‘ஜனசக்தி’யை நடத்திய கம்யூனிஸ்ட் தலைவரின் பெயர். படத்தைத் தயாரித்ததோ லைக்கா என்ற தொலைபேசிக் கம்பனியின் பட நிறுவனம். விஜய் அதற்கு முன் கொக்கா-கோலா விளம்பரத்தில் நடித்தவர். இதைக் கேட்டதும் படத்தைத் தூக்கி எறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதலாளித்துவத்தைத் திட்டுவதையும் விற்றுக் காசாக்க முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் விற்ற சரக்கு கேட்டவர் மனதில் வேறு வேலை செய்யலாம்.

வில்லன் ஒருவன் போனால் கதை முடியுமா என்பதை மன்னாரில் சோதித்துப் பார்க்கலாம். 2025 பெப்ரவரியில் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி குழுமம் விலகியது. சினிமாக் கணக்கில் வில்லன் ஓடிவிட்டான், ‘வணக்கம்’ போட வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் தீவுச் சனங்கள் காற்றாலைக்கும் இல்மனைற் மண் அகழ்வுக்கும் எதிராக மறுபடி வீதியில் நின்றார்கள். சண்டைப் படம் வில்லனுக்கு ஒரு முகம் கொடுக்கிறது. வாழ்க்கையில் ஒரு முகம் போனால் ஒப்பந்தம் அடுத்த முகத்தைக் கொண்டுவரும்.

தினசரியையும் இதே கண்ணோடு படியுங்கள். ‘இந்திய மீனவர் அத்துமீறல், பன்னிரண்டு பேர் கைது’ என்பது போன்ற தலைப்பு நமக்குப் பழகிவிட்டது. றோலர் நம் கடலின் அடியை வழித்துக்கொண்டு போவது உண்மை. வலை அறுந்தவனின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்ததும் சரி. ஆனால் கைதானவர் படகில் கூலிக்கு வந்தவரா, படகின் சொந்தக்காரரா? சொந்தக்காரர் பெயர் செய்தியில் வருகிறதா? படகில் பிடிபட்ட இறாலை வாங்கி ஏற்றுமதி செய்வது யார்? பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தி ‘படகோட்டி’யின் முதல் பாதியோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்: இரண்டு குப்பம் மோதுகிறது, லாபம் எடுப்பவர் இன்னும் திரைக்கு வரவில்லை.

சுயாதீனப் பத்திரிகை என்றால் யாரிடமிருந்து சுயாதீனம் என்று கேட்பது இடதுசாரிகளின் பழைய கேள்வி. ‘தினபதி’, ‘சிந்தாமணி’ இரண்டையும் வெளியிட்ட கம்பனியின் பெயரே சுயாதீனப் பத்திரிகைக் கம்பனிதான். அது அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருக்கவில்லை, ஆனால் குணசேன என்ற பெரிய புத்தக வியாபாரியின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கேள்வி கூர்மையானது. ஆனால் கேட்டவர்கள் அதிகாரத்தில் இருந்தபோது நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சமசமாஜக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்த அரசாங்கம் 1973இல் ‘தினகரன்’ பத்திரிகையை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தைக் கையேற்றது. ‘தினகரன்’ மக்களுடையது ஆகவில்லை, ஆட்சியில் இருப்பவருடையது ஆயிற்று. 1974இல் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டு ‘தினபதி’க்குச் சீல் வைத்தார்கள், 1977 வரை அது வெளிவரவில்லை. முதலாளியின் பத்திரிகை என்பதற்காக அரசாங்கம் பூட்டுப் போடலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை அதே பூட்டு தொழிலாளியின் பத்திரிகைக்கும் வரும்.

இந்த இரண்டு பொறியிலும் சிக்காத ஒன்றைப் படிக்க விரும்பினால் ‘சரிநிகர்’ தேடுங்கள். மேர்ஜ் என்ற இன நீதி இயக்கம் 1990இல் தொடங்கிய பத்திரிகை அது. அரசாங்கத்தை எதிர்த்தது, அதற்காகப் புலிகளுக்குத் தலையாட்டவுமில்லை. அதே 1990 ஒக்ரோபரில்தான் மன்னார் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முஸ்லிம்களின் குரலுக்கும் மலையகத் தமிழரின் குரலுக்கும் இடம் கொடுத்த தமிழ்ப் பத்திரிகை அன்று எவ்வளவு அரிது என்பதை அந்தப் பின்னணியில் எண்ணிப் பாருங்கள். தாள் மலிவு, அச்சு மங்கல், விளம்பரம் சொற்பம். படிக்கும்போது அந்த விளம்பரம் இல்லாத பக்கங்களையும் கவனியுங்கள். அந்தத் துணிவுக்கு யார் காசு கொடுக்கவில்லை என்பது அங்கே தெரியும்.

நூலகம் இணையத்தளத்தில் ‘சரிநிகர்’ பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். ஒன்றை இறக்கிப் படித்துவிட்டு, இன்றைய தினசரியில் மன்னார்ச் செய்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் விடுபட்டவர் உங்கள் ஊர்க்காரர் என்றால், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுங்கள்.